கேள்வி – பதில்: காதுத் தோலிலிருந்து கருமுட்டை

கேள்வி: வடக்கு வெண் காண்டாமிருகத்தில் இரண்டு பெண்கள் மட்டுமே மிச்சமாம். ஆணே இல்லாதபோது ஸ்டெம் செல் என்ன செய்துவிடும்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஆண் இல்லாதது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை, இறந்துபோன சில ஆண்களின் விந்தணு உறைநிலையில் இருக்கிறது. பஞ்சம் முட்டைக்குத்தான். கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்தில் இறந்தது. எஞ்சியவை அதன் மகள் நாஜினும் பேத்தி ஃபாத்துவும். இரண்டாலும் கரு சுமக்க முடியாது. 2019 ஆகஸ்டில் முழு மயக்கம் கொடுத்து, மலக்குடல் வழியாக நீண்ட ஊசி செலுத்தி 10 முட்டைகள் எடுத்தார்கள். இத்தாலியின் கிரெமோனா ஆய்வகத்தில் முதிர்ந்தவை 7, கருவானவை 2. இரண்டும் ஃபாத்துவுடையவை. 2021-ல் முட்டை எடுப்பதிலிருந்து நாஜினுக்கு ஓய்வும் கொடுத்தாயிற்று. ஒரே தாயின் பிள்ளைகளை வைத்து ஓர் இனத்தை நிமிர்த்த முடியாது.

அதனால்தான் இறந்த விலங்குகளின் தோல் செல்லைத் தேடிப் போகிறார்கள். அதில் நான்கு மரபணுக்களைத் தூண்டினால் செல் தன் 'தோல்' அடையாளத்தை மறந்து, உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாகிவிடும். ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006-ல் எலியில் காட்டிய வழி இது. 2022-ல் ஜப்பானின் ஹயாஷி குழு, 2015-ல் செக் நாட்டு விலங்குப் பூங்காவில் இறந்த நபிரே என்ற வடக்கு வெண் காண்டாமிருகத்தின் செல்லிலிருந்து உருவாக்கிய ஸ்டெம் செல்களிலிருந்து முட்டைக்கும் விந்தணுவுக்கும் முன்னோடியான செல்களை உருவாக்கியது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று சொல்ல ஆசைதான். ஆனால் கடினமான பாதி இனிமேல்தான். முன்னோடி செல் தன் 82 குரோமோசோம்களைச் சரியாகப் பாதியாக்க வேண்டும். அதற்கு அதைச் சுற்றிச் சூலகச் செல்கள் வேண்டும். எலியில் கருவிலிருக்கும் குட்டியின் சூலகத்தை எடுத்துக்கொண்டார்கள். காண்டாமிருகத்தில் அதற்கு எங்கே போவது?

வாடகைத்தாய்க்குத் தெற்கு வெண் காண்டாமிருகம் இருக்கிறது. 2023-ல் தெற்கினக் கருவையே வைத்துச் சோதித்தபோது தாய் கர்ப்பம் தரித்தது. ஆனால் பெருமழைக்குப் பிறகு மண்ணிலிருந்து வந்த பாக்டீரியா தொற்றில் தாய் இறந்தது. வயிற்றில் 70 நாள் கரு, 6.4 செ.மீ. நீளம்.

கேள்வி: யானைக்கும் இதே முறைதானா? (வாசகி, கூடலூர்)

பதில்: இதே முறைதான், ஆனால் யானைச் செல் அடம்பிடிக்கும். புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணு நமக்கு ஒரு ஜோடி. யானைக்குச் சுமார் 20 ஜோடி. செல்லை மாற்றி எழுதப் போனால் 'ஆபத்து' என்று அவை செல்லையே நிறுத்திவிடும். 2024-ல் ஆசிய யானை ஸ்டெம் செல் கிடைத்ததாக அமெரிக்க நிறுவனம் ஒன்று அறிவித்தது. பி53-ஐ அடக்கிய பிறகுதான் அது கைகூடியது.

கேள்வி: நான் கால்நடை மருத்துவ மாணவன். இறந்த காட்டு விலங்கின் தோலைச் சேமித்தால் பயன்படுமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: பயன்படும், வனத்துறை அனுமதியோடு எடுத்தால். ஃபார்மலினில் போட்டால் செல் செத்துவிடும். ஃப்ரீசரில் அப்படியே வைத்தால் பனிப் படிகங்கள் செல்லைக் கிழித்துவிடும். காது விளிம்பில் முடியை மழித்து, 70% ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு வெட்டுங்கள். ஈரம் இருந்தால் ஆல்கஹாலே செல்லைக் கொன்றுவிடும். சில மி.மீ. துண்டுகள் போதும். ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சைத் தடுப்பு மருந்தும் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் (செல்லை உயிரோடு வைக்கும் சத்துக் கரைசல்), 4 டிகிரியில், உறையவிடாமல் ஆய்வகம் சேருங்கள். பெரும்பாலும் கெடுப்பது பூஞ்சைதான்.

ஆய்வகத்தில் செல் பெருகியதும் சீக்கிரமே உறைய வைக்க வேண்டும். பலமுறை பிரித்து வளர்த்து மூப்படைந்த செல் ஸ்டெம் செல்லாக மாற மறுக்கும். பனிப் படிகம் செல்லைக் கிழிக்காமல் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தை 10% சேர்த்து, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்வித்து, மறுநாள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்கு மாற்றுவார்கள். அதற்குமுன், செல் வளர்ப்பில் தொற்றும் மிக நுண்ணிய பாக்டீரியாவான மைகோபிளாஸ்மாவுக்குச் சோதனை கட்டாயம். சாதாரண நுண்ணோக்கியில் அது தெரியாது. குப்பிகளை இரண்டு ஊர்களில் பிரித்து வைப்பது நல்லது. நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும், நிரப்ப ஒருவர் மறந்தால் போயிற்று.