பையைத் திருப்பிக் கொடுங்கள்

அன்புள்ள ஐயா,

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 72 வயது. ஒரு வருஷமாகப் பெயர்கள் மறக்கின்றன, கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுகிறார். உடற்பயிற்சி மூளைக்கு நல்லது என்று படித்து ட்ரெட்மில் வாங்கிக் கொடுத்தேன். அதில் துண்டு காயப்போடுகிறார். டிராஃபிக்குக்குப் பயந்து உழவர் சந்தைக்கு அனுப்புவதில்லை, பையை ஒளித்து வைத்துவிட்டேன். காய்கறி ஆப்பில் வந்துவிடுகிறது. அம்மா சமையலைப் பார்த்துக்கொள்கிறார். மாதம் ஒருமுறை காரில் ஏற்காடு கூட்டிப் போகிறேன். தினம் எத்தனை நிமிஷம் நடந்தால் மறதி நிற்கும்? மூளைப் பயிற்சி ஆப் ஒன்றுக்குப் பணம் கட்டலாமா?

கே.

அன்புள்ள கே.,

ஆப் வேண்டாம். ஏற்காட்டுக் கணக்கும் செல்லாது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறியது உங்கள் கார்.

நிமிஷக் கணக்கு கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம். ஆனால் மறதி நிற்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது. 2011இல் அமெரிக்காவில் கிர்க் எரிக்சன் குழு 120 முதியவர்களை ஒரு வருஷம் கவனித்தது. வேகமாக நடந்தவர்களுக்கு, ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி 2 சதவீதம் பெருத்தது. கை கால் நீட்டி மடக்கியதோடு நின்றவர்களுக்குச் சுருங்கியது. நீங்கள் படித்தது அநேகமாக இதைத்தான். 2022இல் 585 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், உடற்பயிற்சியால் ஞாபகசக்தி கூடவில்லை. அதை யாரும் ஃபார்வர்ட் செய்ய மாட்டார்கள்.

சரி, என்னை எழுத வைத்தது உங்கள் கேள்வி இல்லை, அந்தப் பை.

என் பெரியப்பா அம்மாப்பேட்டையில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். குழித்தறி. குழிக்குள் கால் இரண்டும் மாறி மாறி மிதிக்கும், கை நாடாவை இழுக்கும், கண் கரையில் இருக்கும். வாய் மட்டும் ஊர்க்கதை பேசும். இழை அறுந்தால் பேச்சு பாதியில் நிற்கும், முடிச்சுப் போட்டதும் விட்ட இடத்திலேயே தொடரும். பிள்ளைகள் தலையெடுத்ததும், "அப்பா கஷ்டப்பட்டது போதும்" என்று தறியைக் கழற்றி, குழியை மூடி டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் சோபா போட்டார்கள். ஊரே மெச்சியது. பெரியப்பா டிவி முன்னால் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்க ஆரம்பித்தார். கூலி வாங்கும் சனிக்கிழமையை வைத்துத்தான் அவருக்கு வாரமே. தறியை எடுத்ததால்தான் மறதி வந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் சோபாவில் இருந்தபடி டைல்ஸைக் கால் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பாசம் என்ற பெயரில் நாம் செய்யும் அராஜகம் இது. கறிவேப்பிலைக்குப் பேரம் பேசி, சில்லறை எண்ணி, ஆட்டோவுக்கு ஒதுங்கி, பழைய சிநேகிதரிடம் பத்து நிமிஷம் நின்று பேசிவிட்டு வருகிற மனிதரை வீட்டில் அடைத்துவிட்டு, அவருக்கே ஒரு ஓடுபொறி வாங்கிக் கொடுக்கிறீர்கள்! டிமென்ஷியா என்ற மறதி நோயின் அபாயத்தைக் கூட்டுபவை, நம்மால் மாற்றக்கூடியவை என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. உடல் அசையாதிருப்பதும் தனித்துப் போவதும் அதில் உண்டு. ஒரு பையை ஒளித்து இரண்டையும் செய்துவிட்டீர்கள். கோபிக்காதீர்கள். பயம் எனக்கும் புரிகிறது. காலையில் வெயிலுக்கும் நெரிசலுக்கும் முன்னால் போகட்டும், நாலு நாள் நீங்களும் கூடப் போங்கள். சொத்தைக் கத்தரிக்காய் வாங்கி வந்தால் வாயைத் திறக்காதீர்கள்.

அப்புறம், போன வழி மறந்து திணறுகிறாரா? நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் தனியே அனுப்பாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் காது, சர்க்கரை, பிரஷர், தைராய்டு, பி12 எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடிதத்தில் அம்மா ஒரே ஒரு வரியில், அதுவும் சமையலறையில் நிற்கிறார். அவருக்கு என்ன வயது? கடைசியாக வாசலைத் தாண்டி எங்கே நடந்து போனார்? அதை எழுதுங்கள்.