துருக்கியத்தின் "ஒக்குதூம் கித்தாப்" தாத்தாரில் எப்படி வரும்?

"நான் படித்த புத்தகம்" (துருக்கியத்தில் 'ஒக்குதூம் கித்தாப்') என்பதற்கு, துருக்கியத்துக்கு உறவு மொழியான தாத்தாரில் 'மின் உக்கிகன் கித்தாப்' என்றே எழுதுங்கள். நீங்கள் எழுதிய 'உக்கிகனிம் கித்தாப்' என்பதில் அந்த '-இம்' தான் பிழை.

அது துருக்கியத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அங்கே 'ஒக்குதூம்' என்னும்போது 'என்' என்ற உடைமை விகுதி எச்சத்தின் மேலேயே ஏறிவிடும். தாத்தாரில் 'மின்' (நான்) எழுவாயாகவே நிற்கிறது, அடுத்து வெறும் எச்சம், பிறகு பெயர். அப்படியே நம் பெயரெச்சம்! "வந்த ஆள்" என்றால் 'கில்கேன் கெஷெ'. அங்கேயும் அதே -கன்/-கேன் தான். துருக்கியமோ "வந்த" என்பதற்கு 'கெலென்', "நான் படித்த" என்பதற்கு வேறு விகுதியோடு 'ஒக்குதூம்' என்று பிரித்துவிடுகிறது. (கெலென், கில்கேன் இரண்டின் விகுதியும் ஒன்றுதான், துருக்கியத்தில் அந்தக் 'க' உதிர்ந்துவிட்டது.) அதனால் துருக்கியம் வழியாகச் சுற்றாமல் தமிழிலிருந்து நேரே போய்ப் பாருங்கள்.

சரி, எப்படிச் சோதிப்பது? எச்சத்தை அடுத்து அது தழுவும் பெயர் நிற்கிறதா? உடைமை விகுதி வேண்டாம். எச்சமே பெயராகி வேற்றுமை உருபு ஏற்கிறதா? அப்போது வேண்டும்: 'மினெம் கில்கேனெம்னெ பெலே', அதாவது "நான் வந்தது அவருக்குத் தெரியும்".

காலத்தில் மட்டும் கவனமாக இருங்கள். 'ஒக்குதூம்' படித்ததற்கும் வரும், படிக்கிறதற்கும் வரும். 'உக்கிகன்' முடிந்த செயலுக்குத்தான். "நான் படிக்கிற புத்தகம்" என்றால் 'மின் உக்கி தொர்கன் கித்தாப்'.