மிதந்து வரும் பனிமலைகள்

கேள்வி: கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையோர ஊர்களை வசந்த காலந்தோறும் கடந்து செல்லும் பனிமலைகள் எங்கிருந்து வருகின்றன?
வாசகி, பென்னாகரம், தருமபுரி மாவட்டம்

பதில்: பெரும்பாலானவை கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள பனியாறுகளிலிருந்து உடைந்து, பாஃபின் விரிகுடாவில் சுற்றித் திரிந்து, லாப்ரடார் குளிர் நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி, ட்விலிங்கேட், போனவிஸ்டா போன்ற ஊர்களின் முன்னே வந்து சேருகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த பனி அது என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் இருப்பதால், நீரோட்டமே அதன் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஒகேனக்கல் பரிசலோட்டிகள் சுழலை அறிந்து விலகுவதுபோல, அங்குள்ள மீனவர்களும், பனிமலை திடீரெனப் புரளக்கூடும் என்பதால், அதை நெருங்காமல் படகைச் செலுத்துகிறார்கள். 1912இல் டைட்டானிக் மூழ்கியதை அடுத்து, 1914 முதல் பன்னாட்டுப் பனிக் கண்காணிப்புப் பணி நடைபெற்று வருகிறது.