மிதிக்கும்போது கிறீச்சிடும் சைக்கிளுக்கு எந்தப் பொட்டம் பிராக்கெட் வாங்குவது?

பழைய மலைச் சைக்கிள், பெடலை அழுத்தும்போதெல்லாம் அடிவயிற்றிலிருந்து கிறீச் என்று ஒரு சத்தம், திருத்துபவர் பொட்டம் பிராக்கெட் (பெடல் கைகள் இரண்டையும் தாங்கிச் சுற்றும் அச்சும் பெயாரிங்குகளும் சேர்ந்த பாகம்) போய்விட்டது என்கிறார், கொழும்பில் எதை வாங்கிப் பூட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த அளவு வேண்டும் என்பது உங்கள் சைக்கிளுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றிப் படிக்கும்வரை ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். நான் படிக்காமல் செலவழித்தவன்.

2022 ஜூன் இறுதியில், அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த வாரத்தில், நானும் ஊரோடு சேர்ந்து ஒரு பழைய சைக்கிளை வாங்கினேன். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு மரைன் டிரைவ் வழியே தினமும் போய்வந்தேன். ஒரு பக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். காற்றில் வரும் உப்பு மனிதருக்கு இதம், இரும்புக்கு எமன். ஓராண்டு கழிவதற்குள் மிதிக்கு ஒரு கிறீச் வந்துவிட்டது.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கடையில் கொடுத்தேன். அவர் பெடலை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பொட்டம் பிராக்கெட்தான் என்று தீர்ப்புச் சொல்லி, கையில் இருந்த ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார். மறுநாள் காலை சத்தம் அப்படியே இருந்தது. கூடவே புதிதாக ஒரு வில்லங்கமும் வந்திருந்தது. முன்பக்கப் பெரிய செயின் வீலுக்குச் செயின் ஏற மறுத்தது. அவர் பூட்டியது 122.5 மில்லிமீற்றர் அச்சு, என்னுடையது 113. வித்தியாசம் 9.5 மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் அதில் பாதி, ஏறக்குறைய ஐந்து மில்லிமீற்றர், செயின் வீலை வெளியே தள்ளிவிட்டது. முன் கியர் மாற்றியால் அவ்வளவு தூரம் எட்ட முடியவில்லை.

பழைய சத்தத்துக்கு விடை காலி வீதியில் கிடைத்தது. பின்னால் வந்த பஸ்ஸுக்குப் பயந்து எழுந்து நின்று மிதித்தேன், சத்தம் நின்றுவிட்டது. உட்கார்ந்தேன், திரும்ப வந்தது. பிரேமுக்குள் இறங்கும் சீட் தண்டு உப்பேறிக் காய்ந்து போயிருந்தது. கழற்றித் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் பூசினேன். செலவு ஏதுமில்லை. (காபன் தண்டு என்றால் கிரீஸ் பூசாதீர்கள், அதற்கென்று தனிப் பசை இருக்கிறது.)

ஆகவே முதலில் சத்தத்தின் ஊற்றைத் தேடுங்கள். பிரேம் ஒரு வயலின் பெட்டியைப் போல. எங்கே உராய்ந்தாலும் சத்தம் நடுவில் பிறப்பதுபோலக் கேட்கும். எழுந்து நின்று மிதித்தால் நிற்கிற சத்தம் சீட்டிலோ அதன் தண்டிலோ பிறக்கிறது. ஒரு காலால் மட்டும் மிதிக்கும்போது வந்தால் அந்தப் பக்கப் பெடலைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் பூசி இறுக்குங்கள். இடது பெடலுக்கு எதிர்மரை என்பதை மறக்க வேண்டாம். செயின் வீலைக் கிராங்குடன், அதாவது பெடல் பூட்டும் கையுடன், பிணைக்கும் சிறு போல்ட்டுகளும் பெரிய பொய்யர்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கிரீஸ் பூசினால் பாதிச் சைக்கிள்கள் அங்கேயே வாயை மூடிவிடும் என்பது என் அனுபவம்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் இரண்டு கிராங்குகளின் நுனிகளையும் இரு கைகளால் பிடித்து, பிரேமை நோக்கியும் வெளியேயும் ஆட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க் அச்சில் தளர்ந்திருக்கிறது, பொட்டம் பிராக்கெட்டின் மேல் குற்றமில்லை. தளர்ந்த கிராங்குடன் ஓட்டுவதை மட்டும் அன்றே நிறுத்திவிடுங்கள். கிராங்கின் மென்மையான அலுமினியச் சதுரத் துளை கடினமான இரும்பு அச்சில் தேய்ந்து வட்டமாகிவிட்டால், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்கையே வாங்க வேண்டியதுதான். இரண்டும் சேர்ந்து ஆடினால் பொட்டம் பிராக்கெட்டைச் சந்தேகிக்கலாம். செயினை வீலிலிருந்து உள்பக்கம் இறக்கி வைத்து, ஒரு கையைப் பிரேமின் மேல் வைத்துக்கொண்டு மறுகையால் கிராங்கைச் சுற்றுங்கள். உள்ளே மணல் அரைபடுவதுபோலக் கறகற என்று விரலில் தட்டினால் சந்தேகம் தீர்ந்தது.

122.5ஐக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டிய என் பழைய 113இல் அந்தக் கறகற அடுத்த ஆண்டு நவம்பர் மழையில் வந்தது. இந்த முறை கழற்றியதும் உள்ளிருந்து செங்காவி நிறத் தண்ணீர் கொட்டியது. சீட் தண்டின் கழுத்துப் பிளவு வழியே இறங்கும் மழைநீர் குழாய் வழியாக நேரே அங்கேதான் போய்த் தேங்குகிறது. பல பிரேம்களில் அடியில் அதற்கென ஒரு சிறு துளை இருக்கும். எனது பிரேமிலும் இருந்தது, சேறு அதை அடைத்துவிட்டிருந்தது.

இந்த முறை பழையதைப் பையில் போட்டுக்கொண்டு டாம் வீதிக்குப் போனேன். புறக்கோட்டைப் பக்கம் சைக்கிள் உதிரிப்பாகங்களுக்குப் பழைய பெயர் பெற்ற தெரு அது. கடையில் இருந்த நானா என் சைக்கிளின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பழையதை வாங்கி, துணியால் துடைத்து, வேணியர் இடுக்கிமானியை எடுத்தார். உயர்தரப் பௌதிகவியலோடு என் வாழ்க்கையிலிருந்து விடைபெற்ற கருவி அது. மூன்றே அளவுகள்தான், தம்பி, என்றார்.

முதலாவது, பிரேமின் அடியில் பொட்டம் பிராக்கெட் நுழையும் உருளையின் அகலம். பெரும்பாலும் 68 அல்லது 73 மில்லிமீற்றர். இரண்டாவது, மரை. இப்போது வரும் சாதாரணச் சைக்கிள்களில் அநேகமாக 1.37 அங்குலமும் ஓர் அங்குலத்துக்கு 24 மரைகளும் கொண்ட ஆங்கில மரைதான். தாத்தாவின் பழைய ராலேயை ஓட்டுகிறீர்கள் என்றால் இங்கே கவனம். நொட்டிங்ஹாமில் செய்த பழைய ராலேகளில் அங்குலத்துக்கு 26 மரை, உருளையின் அகலமும் வேறு. 24 மரைக் கப்பை (உருளையின் பக்கங்களில் திருகி இறுக்கும் வளையம்) அதில் பலவந்தமாகத் திருகினால் பிரேம் பாழ். மூன்றாவது, அச்சின் நீளம். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அளக்க வேண்டும். 107, 110, 113, 118, 122.5, 127.5 என்று பல நீளங்கள் இருக்கின்றன. கப்பின் விளிம்பிலோ உடலிலோ எண்கள் பொறித்திருந்தால் அளக்கும் வேலையும் மிச்சம்.

இந்த மூன்றும் பொருந்தினால் பிராண்ட் இரண்டாம் பட்சம். சதுர அச்சு என்றால் மூடிய கார்ட்ரிட்ஜ் வகையை வாங்குங்கள். பெயாரிங்குகள் உள்ளேயே அடைபட்டிருக்கும், கழற்றித் திருத்த முடியாது, ஆனால் உப்புக்கும் மழைக்கும் தாக்குப்பிடிக்கும். ஷிமானோவின் மலிவான ரகமே அன்றாட ஓட்டத்துக்குத் தாராளம். இடது பக்கக் கப் பிளாஸ்டிக்கா உலோகமா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் நான் உலோகத்தைத்தான் எடுப்பேன். கடையிலேயே அச்சை விரலால் சுற்றிப் பாருங்கள். நல்ல புதிய கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் இறுக்கமாக, வழுவழுப்பாகச் சுற்றும். காற்றாடிபோலச் சுழல்வதைக் கண்டு மயங்க வேண்டாம், சீலும் கிரீஸும் குறைவாக இருந்தாலும் அப்படித்தான் சுழலும்.

உங்களுடையது கொட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்பு) வைத்த பழைய பாரச் சைக்கிள் என்றால் கதை வேறு, செலவும் குறைவு. உள்ளே தளர்வான கால் அங்குல போல்ஸ், அதாவது பெயாரிங் குண்டுகள், பக்கத்துக்குப் பதினொன்று. கப்பிலும் அச்சிலும் குழி விழாமல் இருந்தால் போல்ஸையும் கிரீஸையும் மாற்றினால் போதும். அதற்குப் போய்க் கார்ட்ரிட்ஜ் தேட வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், பொள்ளலான 24 மில்லிமீற்றர் அச்சு கிராங்கோடு சேர்ந்தே வரும் ரகத்துக்கு வெளியே நிற்கும் கப்களை மட்டும் மாற்றினால் முடிந்தது. மரையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் ரகம் கிறீச்சுக்குப் பெயர்போனது. அதைச் சுத்தியலால் தட்டி இறக்க முயலும் கடையிலிருந்து சைக்கிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பூட்டுவதில் ஒரே ஒரு பொறி இருக்கிறது. ஆங்கில மரையில் செயின் பக்கக் கப்புக்கு எதிர்மரை. கழற்ற வலஞ்சுழியாகத் திருக வேண்டும். இது தெரியாமல் நீண்ட குழாயைச் செருகி இழுத்து மரையைத் தின்றவர்கள் உண்டு. பெடலில் இடது பக்கம் எதிர்மரை, இதில் வலது பக்கம். குழம்பத்தான் செய்யும், கப்பின் மேல் ஒரு அம்புக்குறி கீறி வையுங்கள். உருளையின் உள்மரையைப் பல்துலக்கி கொண்டு தேய்த்து, துணியால் துடைத்து, கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள். உலோகத்தோடு உலோகம் காய்ந்து உரசினால் புத்தம்புது பொட்டம் பிராக்கெட்டும் கிறீச்சிடும். கார்ட்ரிட்ஜுக்கு 50 முதல் 70 நியூட்டன் மீற்றர் இறுக்கம் வேண்டும். முப்பது சென்ரிமீற்றர் கைப்பிடியின் நுனியில் சுமார் இருபது கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்ட பாரம் என்று கணக்கு வையுங்கள். பெரும்பாலான கைகள் இதைவிடக் குறைவாகத்தான் இறுக்குகின்றன.

கார்ட்ரிட்ஜுக்கு உள்ளே இருபது பல் கொண்ட தனிக் கருவியும், கிராங்கைப் பிடுங்க ஒரு புல்லரும் வேண்டும். வாழ்நாளில் இரண்டு முறை பயன்படுத்தப்போகும் கருவிகளை வாங்குவதை விட, பாகத்தை நீங்கள் வாங்கிக் கொடுத்து, கூலிக்குப் பூட்டச் சொல்வது மலிவு. பக்கத்தில் நின்று, கிரீஸ் பூசுகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ், மரைக்கும் கொஞ்சம் போடுங்கள் என்று நான் கேட்டபோது அவர் சிரித்தார், ஆனால் போட்டார்.

இன்று கிராங்க் சத்தமில்லாமல் சுற்றுகிறது. தவறாக வாங்கிய அந்த 122.5 இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. உங்களுடையது அந்த நீளம் என்று அளந்து தெரிந்தால் எழுதுங்கள், தந்துவிடுகிறேன்.