எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு மாயாஜாலக் கதை எழுதுவது எப்படி?

சொற்களும் எளிதாக இருக்க வேண்டும், சாகசமும் சப்பென்று ஆகிவிடக் கூடாது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளுக்காக எழுதிப் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் கதையில் மந்திரவாதி, பறக்கும் கம்பளம், ஏழு கடலுக்கு அப்பால் ஒரு குகை எல்லாம் வைத்தேன். முதல் வரியிலேயே 'கொண்டுவந்துகொண்டிருந்தான்' என்று ஒரு சொல். அவள் விரல் 'கொ'வில் நின்றது. கொம்பைப் பார்த்து 'கெ' என்றாள். பக்கத்தில் கால் இருப்பதைப் பார்த்து 'கா' என்று திருத்தினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நோட்டை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். குகை வரை அவள் வரவே இல்லை.

அடுத்த கதையை எழுத்துகளிலிருந்து தொடங்கினேன். மொத்தம் 247 எழுத்துகள் என்று மலைக்க வேண்டாம். தொடங்குவதற்குக் குறி எதுவும் சேராத க, ம, ல போன்றவையும் புள்ளி எழுத்துகளும் போதும். கல், மரம், வனம், படம் என்று ஓர் உலகமே கிடைத்துவிடும். உகர, ஊகார வரிசைகளில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அவற்றைத் தள்ளிப்போட்டேன். 'நடந்தது', 'வந்தது' இல்லாமல் கதை நகராது என்பதால் 'து'வுக்கு மட்டும் இடம் கொடுத்தேன். 'மரத்திலேறி' என்று சேர்க்காமல் 'மரத்தில் ஏறி' என்று பிரித்தே எழுதினேன்.

மாயம் எங்கே என்றால், அது எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. என் கதைச் சிறுமியின் கையில் மந்திரக்கோல் கிடையாது, ஒரு துணைக்கால்தான் உண்டு. வழியில் கிடந்த 'கல்'லில் அதை வைத்தாள். 'கால்' ஆகி நடந்தது. அரக்கன் 'தடி'யை ஓங்கினான்; அதில் வைத்தாள், 'தாடி' ஆகி அவன் முகத்தையே மூடிக்கொண்டது. வெயில் சுட்டபோது 'மலை'யில் வைத்தாள், 'மாலை' வந்தது. என்ன நடந்தது என்று அறிய அந்தச் சொல்லைப் படித்தே ஆக வேண்டும். இதை மிக முக்கியமாக நினைக்கிறேன். படம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்தால் குழந்தை ஊகித்துவிடும், படிக்காது. அதனால் தாடிப் படத்தை அடுத்த பக்கத்தில் வரைந்தேன்.

முடிவு மட்டும் எனக்குக் கைகூடவில்லை. சிறுமி வனத்தில் வழி தெரியாமல் நிற்கும் இடத்தோடு நிறுத்திவிட்டு, 'நாளை எழுதுகிறேன்' என்றேன். மறுநாள் நோட்டைத் திறந்தபோது கடைசி வரியில் 'வனம்' என்ற சொல்லில் பென்சிலால் கோணலாக ஒரு கால் நுழைக்கப்பட்டிருந்தது. "அவள் பறந்து போய்விட்டாள் அப்பா, படித்துப் பாருங்கள்" என்றாள் மகள்.