காவிரி சுமந்த சரக்கு

ஆடிப்பெருக்கை ஒட்டிக் காவிரியைப் பற்றிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிறந்து வளர்ந்த ஆற்றைப் பற்றி எழுதுவதால் சில இடங்களில் பதில் நீண்டுவிட்டது. ஆசிரியர் பொறுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கங்கையிலும் நைல் நதியிலும் சரக்குப் படகுகள் நெடுந்தூரம் போய்வந்தன. காவிரியில் அப்படி நடந்ததாகப் படித்ததில்லை. பிறகு எப்படி அதை வணிகத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள்? – வாசகர், ஈரோடு

குடகில் தலைக்காவிரியிலிருந்து கடல் வரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய ஒரு படகு அவ்வளவு தூரமும் வர முடியாது. சிவசமுத்திரத்தில் ஆறு அருவியாக விழுகிறது. ஒகேனக்கல்லில் பாறை இடுக்குகளில் மறுபடியும் விழுகிறது. சமவெளிக்கு வந்துவிட்டாலோ கோடையில் மணல்தான் மிஞ்சும். இந்த ஆற்றுக்குப் பொருந்திய கலம் பரிசல். அதுவும் பெரும்பாலும் அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் போய்வந்தது.

ஆனால் காவிரியின் வணிகத்தைப் படகில் தேடக் கூடாது, வயலில் தேட வேண்டும். அதன் சரக்கு நெல். என் தந்தை குத்தாலத்தில் நெல் மண்டி வைத்திருந்தார். காலையில் செய்தித்தாள் வந்ததும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றச் செய்திகளுக்குப் போவார். முழுக் கொள்ளளவான 120 அடியை நெருங்கிவிட்டால் முன்பணம் கேட்டு வருகிறவர்களுக்கு முகம் மலர்ந்து கொடுப்பார். அணை காய்ந்திருந்தால், "தண்ணீர் வரட்டும், பேசலாம்" என்பார். குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று நெல் பருவப் பெயர்களுக்குள் எங்கள் தெருவின் கடன், கல்யாணம், நகை மீட்பு எல்லாம் அடங்கிவிடும். ஜவுளிக்கடைக்காரரும் தட்டாரும்கூட அணையின் நீர்மட்டத்தை விசாரித்துக்கொண்டே இருப்பார்கள்.

படகே கிடையாது என்றும் நினைத்துவிடாதீர்கள். கடலோரக் கழிகளில் படகுகள் ஓடின. உப்பை விற்று, அதற்கு ஈடாக வாங்கிய நெல்லோடு திரும்பும் படகுகளைச் சங்கப் பாட்டான பட்டினப்பாலை காட்டுகிறது: 'வெள்ளை உப்பின் கொள்ளை சாற்றி, நெல்லொடு வந்த வல்வாய்ப் பஃறி.' லாயத்தில் குதிரைகளைக் கட்டியதுபோல அந்தப் படகுகளை வரிசையாகக் கட்டிவைத்திருந்தார்கள் என்கிறார் புலவர். ஆற்றின் தலைப்பக்கம் நெல், வால்பக்கம் உப்பு. சோழநாட்டின் பண்டமாற்று முழுவதும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வழியாக வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தாரே, அந்த யாத்திரையும் நெல் விளையும் ஊர்களிலிருந்து உப்பு விளையும் ஊருக்குப் போனதுதான்.

மேல் காவிரிக்கு வேறொரு கதை உண்டு. சிவசமுத்திரத்து அருவியில் 1902இல் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள். பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகுதான். படகைத் தடுத்த அதே அருவி, தங்கம் வெட்டும் எந்திரங்களை ஓட்டியது.

பட்டினப்பாலையில் வரும் பூம்புகார்ப் பண்டங்களின் பட்டியல் புலவரின் கற்பனை என்று என் நண்பர் வாதிடுகிறார். நான் என்ன சொல்ல? – வாசகி, நாமக்கல்

நண்பரைக் கீழையூருக்கு அழைத்துப் போங்கள். பூம்புகாரை ஒட்டிய அந்த ஊரில் 1960களில் நடந்த அகழாய்வில், செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் படகு கட்டுவதற்கான மரத்தூண்களும் வெளிப்பட்டன. பக்கத்தில் பல்லவனேச்சுரத்தில் புத்த விகாரத்தின் அடித்தளம் இருக்கிறது. வெளிநாட்டார் சாட்சியமும் உண்டு. முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் குறிப்பான பெரிப்ளூஸ் இந்தத் துறைமுகத்தைக் 'கமரா' என்கிறது. அடுத்த நூற்றாண்டின் புவியியலாளர் தாலமி 'கபேரிஸ்' என்று எழுதுகிறார்.

இனி அந்தப் பட்டியல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒவ்வொரு சரக்குக்கும் அது வந்த வழியையோ பிறந்த இடத்தையோ சேர்த்தே சொல்கிறார். குதிரை கடல்வழி வந்தது. மிளகு மூட்டை தரைவழி வந்தது. பொன்னும் மணியும் வடமலை, சந்தனமும் அகிலும் மேற்குமலை, முத்து தென்கடல், பவளம் கீழ்க்கடல். பிறகு 'கங்கை வாரியும் காவிரிப் பயனும் ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்' என்று முடிக்கிறார். சுங்கம் வாங்குவோர் சரக்கின்மேல் புலி முத்திரை குத்தி வெளியே அனுப்புவதையும் விடவில்லை. வணிகர்கள் கொள்வதில் மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதில் குறையாகக் கொடாமலும் வியாபாரம் செய்தார்கள் என்று அவர்களுடைய நேர்மையையும் பதிவு செய்கிறார். மண்டியில் வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சரக்கு இறங்குவதைக் கிட்டே நின்று பார்க்காத ஒருவர் இப்படி எழுத முடியாது.

ஈழத்து உணவு என்ற சொற்றொடரில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். அந்தக் காலத்தில் ஈழத்திலிருந்து உணவுப்பொருள் புகாருக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை அரிசி நாகப்பட்டினம் வழியாக இலங்கைக்குக் கப்பலேறியது. ஒரே கடல், சரக்கு மட்டும் திசை மாறிவிட்டது.

கங்கை வாரியையும் காவிரிப் பயனையும் ஒரே அடியில் வைத்த அந்தப் பார்வை பாரதியிடம் மறுபடி வருகிறது: 'கங்கை நதிப்புறத்துக் கோதுமைப் பண்டம் காவிரி வெற்றிலைக்கு மாறுகொள்வோம்.' தேசத்தை ஒன்றுசேர்க்கும் கனவில் பாரதிக்கு முதலில் தோன்றுவனவற்றுள் ஒன்று பண்டமாற்று. நம் கவிஞர்கள் வணிகத்தைக் கீழான பொருளாக நினைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

என் மகள் பாட்டு வகுப்பில் 'நடந்தாய் வாழி காவேரி' கற்றுக்கொள்கிறாள். சிலப்பதிகாரத்தில் இது மகிழ்ச்சியான இடத்தில் வரும் பாட்டா? – வாசகி, மதுரை

தொடங்கும்போது மகிழ்ச்சி, முடியும்போது பிரிவு. இந்திர விழா முடிந்து, கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்கு வந்திருக்கிறார்கள். யாழை வாங்கிய கோவலன் காவிரியைப் பாடுகிறான். உன் கணவனான சோழன் கங்கையைச் சேர்ந்தாலும் நீ ஊடமாட்டாய், அதுவே உன் பெருங்கற்பு என்று அறிந்தேன் என்பது அவன் பாட்டின் பொருள். கேட்டுக்கொண்டிருந்த மாதவிக்கு, இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று தோன்றுகிறது. அவள் யாழை வாங்கித் தானும் வேறு குறிப்பு உள்ளவள்போலப் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். அதன்பின் கோவலன் கண்ணகியோடு காவிரிக் கரை வழியே நடந்து மதுரைக்குப் போகிறான். மற்றது உங்கள் ஊர்க் கதை.

உங்கள் மகளிடம் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். 'உழவர் ஓதை, மதகு ஓதை' என்று வரும் பாட்டு கோவலன் பாடியது. உழவரின் ஆரவாரம், மதகில் நீர் பாயும் ஒலி, உடைத்துக்கொண்டு ஓடும் நீரின் ஒலி, புதுப்புனல் விழாக் கொண்டாடுவோரின் ஒலி. 'மருங்கு வண்டு சிறந்து ஆர்ப்ப' என்பது மாதவியின் பாட்டு. அவள் காவிரியைப் பூவாடை போர்த்திய பெண்ணாகக் காண்கிறாள். ஆடல்மகள் நடையைப் பார்க்கிறாள், வணிகன் மகன் மதகின் ஓசையைக் கேட்கிறான். இளங்கோ இதை எண்ணித்தான் பிரித்துக்கொடுத்தார் என்று நான் நம்புகிறேன். உரையாசிரியர் எவரும் இப்படிச் சொல்லியிருக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

கல்லணையைக் கட்டியது கரிகாலன்தானா? – மாணவர், தஞ்சாவூர்

கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்தான் என்பதைப் பிற்காலச் சோழர் செப்பேடுகள் சொல்கின்றன. அணையை அவன் பெயரோடு சேர்ப்பது நீண்டகால மரபு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அணையின் அடித்தளம். ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த நாட்டாரிடமிருந்தே கற்றோம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதியிருக்கிறார். அவர் காலத்தில் காவிரியின் கிளையான தாழ்ந்த கொள்ளிடத்துக்கே நீர் இழுத்துக்கொண்டு போனதால், காவிரி மணல்மேடிட்டுத் தஞ்சை காய்ந்துகொண்டிருந்தது. திருச்சிக்கு மேற்கே இரண்டும் பிரியும் முக்கொம்பில் 1836இல் மேலணை கட்டி அதைத் தடுத்தார். பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டியபோதும் இங்கே கற்ற பாடம் கைகொடுத்தது. முக்கொம்பு அணையில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. அதே ஆண்டில்தான் கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய நீரை உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) என்று இறுதி செய்தது. நீருக்காக வழக்காடும் நாம், வந்த நீரைத் தாங்கும் மதகுகளுக்கும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும். இதில் எனக்கு ஆற்றாமை உண்டு.

குழந்தைகளுக்குக் காவிரியைக் காட்ட வேண்டும். இரண்டு நாள் இருக்கிறது. எங்கே போகலாம்? – வாசகர், சென்னை

ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் போங்கள். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறப்பார்கள், அணையில் நீர் இல்லாத ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். புறப்படும் முன் நீர் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முக்கொம்பு, திருவரங்கம், கல்லணை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பிரிவதைக் குழந்தைகளையே எண்ணச் சொல்லுங்கள். அன்றிரவு கும்பகோணத்தில் தங்கலாம். மறுநாள் மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். வழியில் மேலையூரில் காவிரியின் கடைசிக் கதவணை இருக்கிறது, அங்கே இறங்கிப் பாருங்கள். தலைமடையில் பரந்து கிடந்த ஆறு அங்கே எவ்வளவு ஒடுங்கிவிடுகிறது என்பதைப் பார்த்தால், கடைமடை விவசாயி ஏன் கவலைப்படுகிறார் என்பது குழந்தைகளுக்கே விளங்கும். கீழையூர்ப் படகுத்துறையையும் பல்லவனேச்சுரத்தையும் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள். நேரம் மிஞ்சினால் தெற்கே தரங்கம்பாடி, டேனிஷ்காரர்கள் 1620இல் தஞ்சை நாயக்கரிடம் அனுமதி பெற்றுக் கட்டிய கோட்டை அங்கே இருக்கிறது.