மஜ்ஜை மாற்றிய பிறகு இன்னொரு புற்றுநோய்: கேள்வி பதில்

மரபணு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பரம்பரை, மஜ்ஜை, ஜீன் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். மாத்திரை டோஸ் கேட்காதீர்கள்.

சேலம் அம்மா: மகனுக்கு 11 வயது, ஃபான்கோனி அனீமியா என்ற பரம்பரை ரத்த நோய். நாலு வருஷம் முன்னாடி அக்காவோட மஜ்ஜையை வைத்தார்கள். ரத்தம் எல்லாம் நார்மல். இன்னும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டச் சொல்கிறார்கள். குணமாகிவிட்டதே மேடம், எதற்கு?

குணமானது மஜ்ஜைதான் அம்மா. நாக்கு, ஈறு, தொண்டை எல்லாம் அவன் பிறந்தபோது கொண்டுவந்த செல்களே. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரிய முடியாதபடி ஒட்டிக்கொண்டால் பிரித்துச் சரிசெய்ய நம் செல்லுக்குள் ஒரு பட்டறை உண்டு. அதில் இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் வேலை செய்கின்றன. பெரும்பாலும் ஒன்றின் இரண்டு பிரதியும் கெட்டுப்போனால்தான் ஃபான்கோனி. அவன் வாயில் அந்தப் பட்டறை இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது. பாக்கு, புகையிலை தொடாத பிள்ளைக்கும் வாய், தொண்டைப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல நூறு மடங்கு. மாற்றுக்குப் பின் ஜி.வி.எச்.டி., அதாவது கொடுத்தவரின் செல்கள் வாங்கியவர் உடம்பைத் தாக்கும் கோளாறு, வந்திருந்தால் இன்னும் கூடும்.

பல் தேய்த்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள், நாக்கின் ஓரத்தையும் அடியையும் விடாமல். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தாலும், இரண்டு வாரத்தில் புண் ஆறாவிட்டாலும், பி காம்ப்ளெக்ஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். சில புற்றுநோய்களை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் வாயைத் திறந்ததும் 'ஃபான்கோனி' என்று சொல்லுங்கள். ரேடியேஷன் இவர்களுக்கு ஆகாது. தேவையில்லாத சி.டி. ஸ்கேனும் வேண்டாம்.

மதுரைக்காரன்: 2012இல் மாற்று, முழு உடம்புக்கும் ரேடியேஷன். இன்னொரு கேன்சர் வர எத்தனை சதவீதம்?

1997இல் வந்த பெரிய ஆய்வில் 19,229 பேரைப் பார்த்தார்கள். கட்டி வகைப் புற்றுநோய் 10 வருடத்தில் 2.2 சதவீதம், 15 வருடத்தில் 6.7. வருடம் போகப் போக ஏறுகிறது, கவனியுங்கள். சின்ன வயதில் ரேடியேஷன் வாங்கியவர்களுக்கு அதிகம். இது கூட்டத்தின் கணக்கு, உங்கள் ஜாதகம் இல்லை. குடும்பத்தில் இளம் வயதிலேயே மார்பகம், எலும்பு, மூளை என்று புற்றுநோய் வந்திருந்தால் புற்றுநோயைத் தடுக்கும் டி.பி.53 மரபணு கெட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

திருச்சி: கொடுத்தவருக்குப் பின்னாளில் கேன்சர் வந்தால் எனக்கும் வருமா?

டோனர் செல்லிலிருந்தே ரத்தப் புற்றுநோய் வருவது உண்டு, ரொம்ப அரிது. கூடப் பிறந்தவர் கொடுக்கும்போது அதே பரம்பரைக் கோளாறு அவருக்கும் இருக்கலாம். முன்கூட்டியே சோதிப்பது அதற்குத்தான்.

நாகர்கோவில்: தம்பிக்குக் கேன்சர் வந்தால் அவன் கொடுத்த மஜ்ஜையால் எனக்கு வருமா?

ஒரு கேள்வி மேலே போய்ப் படியுங்கள்.

ஈரோடு: அக்கா மகளைக் கட்டினதால்தான் பிள்ளைக்கு ஃபான்கோனியா?

சொந்தத்தில் கட்டும்போது ஒரே கெட்ட பிரதி இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. வெளியில் கட்டினவர்களுக்கும் வருகிறது. மனைவியையோ மாமியாரையோ குறை சொல்லாமல், அடுத்த குழந்தைக்கு முன் ஆலோசனைக்குப் போங்கள்.

கோவை: மாற்று முடிந்த பிறகு எச்சில் கொடுத்து ஜீன் டெஸ்ட் எடுத்தேன். 'பரம்பரை ரிஸ்க் இல்லை' என்று வந்தது. நிம்மதி.

யார் கொடுத்த மஜ்ஜை?

கோவை: தம்பி.

அப்போது அந்த ரிப்போர்ட்டில் பாதி உங்கள் தம்பிக்கு.

கோவை: எச்சில் வேறு, ரத்தம் வேறு என்றாரே லேப்காரர்!

எச்சிலில் ரத்த வெள்ளணுக்கள் மிதக்கின்றன ஐயா, அவை மஜ்ஜையில் பிறப்பவை, அதனால் தம்பியுடையவை. எங்களிடம் ஒரு பெண்ணின் கன்னச் சுரண்டலில் ஆண்களுக்கே உரிய ஒய் குரோமோசோம் வந்தது. மாதிரி மாறிப்போச்சு என்று இரண்டு நாள் சண்டை. கடைசியில் பைலைத் திறந்தால், மஜ்ஜை கொடுத்தது அண்ணன்.

தஞ்சை: நகம் கொடுத்தால் போதும் என்று படித்தேனே?

நகத்திலும் டோனர் டி.என்.ஏ. கலந்திருக்கிறது. தோல்தான் வேண்டும், அதிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்து எடுக்கும் செல். எச்சில் வேண்டாம் என்று இன்னும் எத்தனை பேருக்குச் சொல்ல?

கோவை: சரி மேடம். வலிக்குமா?

மரத்துப்போக ஊசி போட்டு, கையின் உட்புறத்தில் மூன்று மில்லிமீட்டர் எடுப்பார்கள், ஒரு மிளகளவு. செல் வளரச் சில வாரம் ஆகும். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், தம்பிக்கு அனுப்புங்கள்.